குழாயா, கப்பலா: சண்டைக் காலத்தில் எண்ணெய் எந்த வழியில் பத்திரம்?

சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் மாலையில் உட்கார்ந்தால் எதிரே கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்பது தெரியும். எது எண்ணெயோடு நிற்கிறது, எது இறக்கிவிட்டு நிற்கிறது என்று கரையிலிருந்தே சொல்லிவிடலாம். காலிக் கப்பல் உயர்ந்து மிதக்கும். அடிப்பகுதியின் சிவப்புச் சாயம் அகலப் பட்டையாகத் தெரியும். சரக்கேற்றிய கப்பலில் அந்தச் சிவப்பு நீருக்குள் மறைந்துவிடும். கடல் காப்புறுதித் தரகு அலுவலகம் ஒன்றில் இருபத்தாறு ஆண்டு கோப்பு புரட்டிய எனக்கு, ஓய்வுபெற்ற பிறகும் கப்பலைக் கண்டால் முதலில் கண் போவது அந்தச் சிவப்புக்குத்தான்.

போன மாதம் அக்காள் மகனோடு அங்கே உட்கார்ந்திருந்தேன். ஜூரோங் தீவில் ஓர் ஆலையில் தொழில்நுட்பராக இருக்கிறான். குழாய், வால்வு, அழுத்தமானி என்றால் மணிக்கணக்கில் பேசுவான். உணவங்காடியில் சொல்லிவைத்த சாத்தே வந்து சேர்வதற்குள் கேட்டான்: “இத்தனை எண்ணெயை ஏன் மாமா திறந்த கடலில் கொண்டுவருகிறார்கள்? சண்டை என்று வந்தால் முதலில் அடி வாங்குவது கப்பல்தானே? குழாய் என்றால் மண்ணுக்கடியில் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.”

எல்லை தாண்டும் குழாயை நம்பக் கூடாது என்று மட்டும் அப்போது ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கேள்வி விடவில்லை. பழைய குறிப்பேடுகளை எடுத்துவைத்து, அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் குழாயின் பக்கம் நிற்கிறேன், ஏனென்றால் அவன் சொன்னதில் பாதி உண்மை. குழாயில் மாலுமி இல்லை. எனவே சாவதற்கும் பிணை வைக்கப்படுவதற்கும் ஆள் இல்லை. அதற்குக் கொடி இல்லை, துறைமுகக் காத்திருப்பு இல்லை, ஒவ்வொரு பயணத்துக்கும் புதிதாகப் போர் அபாயக் காப்புறுதி வாங்கும் தலைவலி இல்லை. புதைந்து கிடக்கும் எஃகுக் குழாயை உடைத்தாலும் உடைந்த துண்டை வெட்டி எடுத்துப் புதுத் துண்டைப் பற்றவைத்துவிடலாம். சில நாள் வேலை. இரு பக்கமும் வால்வை மூடிவிட்டால் கசிவும் ஓரளவோடு நிற்கும். இதையெல்லாம் யோசித்துத்தான் சவுதி அரேபியா, ஈரான்–ஈராக் போர் நடந்துகொண்டிருந்த 1980களின் தொடக்கத்தில், அப்கைக்கிலிருந்து செங்கடல் கரையின் யான்பு வரை சுமார் 1,200 கிலோமீட்டருக்குக் குழாய் போட்டது. பாரசீக வளைகுடாவின் வாசலான ஹோர்முஸ் நீரிணை அடைபட்டாலும் மேற்குப் பக்கம் ஒரு கதவு இருக்கட்டும் என்ற கணக்கு. நாளுக்கு 5 மில்லியன் பீப்பாயாக இருந்த அதன் கொள்ளளவு பிறகு 7 மில்லியன் வரை உயர்த்தப்பட்டது. ஐக்கிய அரபு சிற்றரசுகளும் 2012இல் ஹப்ஷானிலிருந்து ஓமான் வளைகுடாவில் உள்ள ஃபுஜைராவுக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர் குழாயைத் திறந்தன. அதில் நாளுக்கு 1.5 மில்லியன் பீப்பாய் போகும்.

இந்த எண்களைத் தனியாகப் பார்த்தால் பெரிதாகத் தெரியும். ஹோர்முஸ் வழியாக 2024இல் நாளுக்குச் சராசரியாக 20 மில்லியன் பீப்பாய் போனது, உலகம் செலவிடும் எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு. ஒரு பெரிய கச்சா எண்ணெய்க் கப்பல் 2 மில்லியன் பீப்பாய் சுமக்கும். ஆகவே நாளுக்குப் பத்துப் பெரிய கப்பல் அளவு. அந்த ஆண்டுக் கணக்கின்படி, மேலே சொன்ன இரண்டு குழாய்களிலும் வழக்கமாக ஓடுவது போக மிச்சமிருந்த இடம் சுமார் 2.6 மில்லியன் பீப்பாய். பத்துக் கப்பல் போகும் இடத்தில் ஒன்றேகால் கப்பலுக்கு மாற்றுவழி. மருமகன் கேட்டதுபோல ‘ஏன் கப்பலில் கொண்டுவருகிறார்கள்’ என்றால், வேறெதிலும் அடங்காது என்பதுதான் முதல் பதில்.

ஆனால் அளவு வேறு, பத்திரம் வேறு. அடங்குகிற எண்ணெயாவது குழாயில் பத்திரமாக இருக்கிறதா?

2019 மே மாதத்தின் ஒரு வாரத்தை எடுத்துக்கொள்வோம். மே 12ஆம் தேதி ஃபுஜைராவுக்கு வெளியே நின்றிருந்த நான்கு கப்பல்கள் வெடிப்புகளில் சேதமடைந்தன. அவற்றில் இரண்டு சவுதி எண்ணெய்க் கப்பல்கள். நீரிணைக்கு வெளியே, ‘பத்திரமான பக்கம்’ என்று எல்லோரும் நினைத்திருந்த இடம் அது. சரி, கப்பல்தானே அடிபட்டது என்று குழாய்க்காரர்கள் மூச்சு விடுவதற்குள், மே 14ஆம் தேதி யான்புவுக்குப் போகும் குழாயின் இரண்டு பம்ப் நிலையங்களை டிரோன்கள் தாக்கின. ஏமனின் கிளர்ச்சிப் படையினரான ஹூதிகள் பொறுப்பேற்றார்கள். சவுதி எண்ணெய் ஓட்டத்தைத் தற்காலிகமாக நிறுத்தியது. குழாய் மண்ணுக்கடியில் பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் எண்ணெய் தானாக ஓடாது. வழியெங்கும் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு பம்ப் நிலையம் வேண்டும். அது மண்ணுக்கு மேலே, பாலைவனத்தின் நடுவே, வானத்திலிருந்து பார்த்தால் தப்பாமல் தெரியும்படி நிற்கிறது. குழாயை ஒட்டுவது எளிது. பம்பையும் அதை ஓட்டும் டர்பைனையும் கடையில் போய் வாங்கிவர முடியாது.

அந்த இரண்டு நாள் இடைவெளியைத்தான் மருமகனுக்கு முதலில் காட்டியிருக்க வேண்டும். கப்பலைத் தொடக்கூடியவன் குழாயையும் தொடுவான்.

ஆனாலும் குழாய்க்கு உண்மையான சாவு குண்டால் வருவதில்லை என்பதே இத்தனை ஆண்டு கோப்புகளைப் பார்த்து எனக்குப் பட்டது. கொலம்பியாவில் கான்யோ லிமோன் வயலிலிருந்து கரீபியன் கரையின் கொவேன்யாஸ் வரை 780 கிலோமீட்டருக்கு ஒரு குழாய் போகிறது. 1986 முதல் ஆயிரம் தடவைக்கு மேல் அதைக் கெரில்லாக்கள் தாக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் போய் ஒட்டிவிட்டு மறுபடி ஓடவிட்டார்கள். காட்டையும் ஆற்றையும் நாசமாக்கிய கொடுமை அது. ஆனால் குழாய் சாகவில்லை.

சாகடித்த கதைகளைப் பாருங்கள். சவுதியிலிருந்து ஜோர்தான், சிரியா வழியாக லெபனானின் சிடோன் துறைமுகத்துக்கு 1950இல் போட்ட டாப்லைன் குழாயை 1970இல் சிரியாவில் ஒரு புல்டோசர் உடைத்தது. சட்டென்று ஒட்டிவிடக்கூடிய உடைப்பு. சிரியா பழுதுபார்க்க விடவில்லை. கூடுதல் கடவுக் கட்டணம் பேசி முடியும்வரை மாதக்கணக்கில் மூடியே கிடந்தது. அந்த மாதங்களில் கப்பல் வாடகை எகிறியது என்று எங்கள் அலுவலகத்தின் பழைய மனிதர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஈராக்கின் கதை இன்னும் மோசம். ஈரானோடு போர் தொடங்கியதும் அதன் வளைகுடா முனையங்கள் அடிபட்டன. மிச்சமிருந்தவை குழாய்கள். 1982 ஏப்ரலில் சிரியா ஈரான் பக்கம் சாய்ந்து, ஈராக்கின் கிர்குக்கிலிருந்து தன் பனியாஸ் துறைமுகத்துக்கு வரும் குழாயை மூடியது. ஒரு குண்டும் வெடிக்கவில்லை. பட்டறிவில் ஈராக் சவுதி வழியாகச் செங்கடலுக்குப் புதிய குழாய் போட்டது. 1990 ஆகஸ்டில் சதாம் உசேன் குவைத்துக்குள் படையை அனுப்பினார். சில நாட்களுக்குள் சவுதிக் குழாயும் துருக்கி வழியாகப் போன குழாயும் இரண்டும் மூடப்பட்டன. சவுதிப் பகுதியை 2001இல் சவுதி தன் சொத்தாகவே எடுத்துக்கொண்டது. ஆயிரக்கணக்கான டன் எஃகு, அதுவும் அண்டை வீட்டுக்காரன் தோட்டத்தில்; தோண்டி எடுத்துக்கொண்டா வர முடியும்?

துருக்கியின் ஜெய்ஹான் துறைமுகத்துக்குப் போகும் கிர்குக் குழாய் மட்டும் எல்லாவற்றையும் பார்த்துவிட்டது. 2003க்குப் பிறகு அடுக்கடுக்காக நாசவேலை. 2014இல் ஐஎஸ் அந்த நிலப்பரப்பைப் பிடித்தபோது பழைய தடம் முடங்கியது. குர்திஸ்தான் வழியாக வேறு தடம் போட்டு எண்ணெய் மறுபடி ஓடியது. கடைசியில் அதை நிறுத்தியது பாரிஸில் ஒரு நடுவர் மன்றம். பாக்தாத்தின் ஒப்புதல் இல்லாமல் எண்ணெயை ஏற்ற விட்டதற்காகத் துருக்கி இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. 2023 மார்ச் 25 அன்று துருக்கி குழாயை மூடியது. மறுபடி ஓடத் தொடங்கியது 2025 செப்டம்பரில். குண்டு வைத்தவர்களால் சாகடிக்க முடியாத குழாயைக் காகிதம் இரண்டரை ஆண்டு நிறுத்தியது.

இதிலிருந்து நான் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்று உண்டு. குழாயின் நீளத்தையும் விட்டத்தையும் அப்புறம் பார்க்கலாம். முதலில் அது எத்தனை நாடுகளின் கையெழுத்தில் ஓடுகிறது என்று எண்ண வேண்டும். ஒரே நாட்டுக்குள் ஓடும் குழாய், யான்புவோ ஃபுஜைராவோ கொலம்பியாவோ, அடிபட்டாலும் எழுந்துவிடுகிறது. சொந்தக்காரன் தன் பையை நிரப்பத் தானே ஓடிவந்து ஒட்டுவான். எல்லை தாண்டும் குழாய்க்கு ஒவ்வொரு எல்லையிலும் ஒரு வால்வு, ஒவ்வொரு வால்வுக்கும் ஓர் அமைச்சர்.

சிங்கப்பூர்க்காரர்களுக்கு இது புதிதாகச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1942 ஜனவரி 31 அன்று பிரிட்டிஷ் படை பின்வாங்கும்போது ஜொகூர் கடற்பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தது. ஜப்பானியரை நிறுத்தவென்று வைத்த வெடி, ஜொகூரிலிருந்து தீவுக்குத் தண்ணீர் கொண்டுவந்த குழாயையும் சேர்த்து அறுத்தது. எங்கள் பாட்டி தலைமுறையில் தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றிப் பேசாதவர்கள் குறைவு.

இனி கப்பலுக்கு வருகிறேன். இங்கே எனக்குக் கொஞ்சம் பாசம் உண்டு. வாசகர் அதைக் கழித்துக்கொண்டு படிக்கலாம்.

ஈரானும் ஈராக்கும் 1984 முதல் 1988 வரை ஒன்றன் வாடிக்கையாளர் கப்பலை மற்றொன்று வேட்டையாடின. நானூறுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்கள் தாக்கப்பட்டன, நூற்றுக்கணக்கான மாலுமிகள் இறந்தார்கள். ஆனால் வளைகுடாவிலிருந்து எண்ணெய் வருவது நிற்கவில்லை. காரணம் வீரம் மட்டுமில்லை, இயற்பியலும்தான். பெரிய எண்ணெய்க் கப்பலின் உடல் பல அறைகளாகப் பிரிக்கப்பட்டது. கச்சா எண்ணெய் பெட்ரோலைப்போலச் சட்டென்று வெடிக்காது. தண்ணீரைவிட லேசானது என்பதால் ஓட்டை விழுந்தாலும் கப்பல் சட்டென்று மூழ்காது. 1987 ஜூலை 24 அன்று அமெரிக்கப் போர்க்கப்பல்களின் காவலோடு போய்க்கொண்டிருந்த பிரிட்ஜ்டன் என்ற எண்ணெய்க் கப்பல் கண்ணிவெடியில் மோதியது. அது தொடர்ந்து மிதந்து போனது. மெல்லிய உடல் கொண்ட போர்க்கப்பல்கள் கண்ணிவெடிக்குப் பயந்து அதன் பின்னால் போய் ஒளிந்துகொண்டன. காவலுக்கு வந்தவர்களுக்குக் காவல் கொடுத்தது எண்ணெய்க் கப்பல்.

நம் ஊர் சம்பந்தப்பட்ட கதையும் உண்டு. உலகில் இதுவரை மிதந்தவற்றிலேயே மிக நீளமான கப்பல் சீவைஸ் ஜயண்ட், 458 மீட்டர். 1988 மே மாதம் ஈரானின் லாரக் தீவுக்கு அருகே ஈரானிய எண்ணெயோடு நங்கூரமிட்டிருந்தபோது ஈராக்கிய விமானங்கள் அதைத் தாக்கின. எரிந்து, முழு நட்டம் என்று காப்புறுதிக்காரர்கள் கைகழுவினார்கள். போர் முடிந்ததும் அந்த எரிந்த கூட்டை ஒருவர் வாங்கி, சிங்கப்பூரில் கெப்பல் கப்பல் பட்டறைக்குக் கொண்டுவந்து சீர்செய்தார். ஆயிரக்கணக்கான டன் எஃகு மாற்றப்பட்டது. புதுப் பெயரோடு மறுபடி கடலுக்குப் போனது. 2010இல் இந்தியாவின் அலாங் கரையில் உடைக்கப்படும்வரை ஏறத்தாழ இருபது ஆண்டு கூடுதல் ஆயுள். முழு நட்டம் என்று எழுதிய கோப்பு மறுபடி துறைமுகத்துக்குள் வருவதைப் பார்த்த காப்புறுதிக்காரன் மனநிலையை என்னால் ஊகிக்க முடியும்.

கப்பலின் பெரிய பலம் அது திரும்பிப் போக முடியும் என்பது. 2023 நவம்பரில் ஹூதிகள் செங்கடலில் கப்பல்களைப் பிடிக்கவும் சுடவும் தொடங்கியதும் ஆயிரக்கணக்கான பயணங்கள் நன்னம்பிக்கை முனை வழியாகத் திரும்பின. பத்து நாள், இரண்டு வாரம் கூடியது, எரிபொருள் கூடியது, ஆனால் சரக்கு வந்து சேர்ந்தது. குழாய் அப்படி ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வராது.

அப்படியானால் கப்பலை நிறுத்துவது எது? என் மேசைக்குத் தெரிந்த பதில்: காப்புறுதியும் ஆட்களும்.

லண்டன் லாய்ட்ஸ் காப்புறுதிச் சந்தையில் கூட்டுப் போர்க் குழு என்று ஒன்று இருக்கிறது. அது ஆபத்தான கடற்பகுதிகளின் பட்டியல் வெளியிடும். பட்டியலில் ஒரு பகுதி ஏறினால், அதற்குள் கப்பலைக் கொண்டுபோகக் கப்பல் உரிமையாளர் தனியாகப் பேசித் தனியாகப் பணம் கட்ட வேண்டும். அந்தக் காப்பு பெரும்பாலும் ஏழு நாளைக்குத்தான். ஆறாம் நாள் இரவு பம்ப் பழுதாகிக் கப்பல் உள்ளேயே நின்றுவிட்டால் மறுபடி தொலைபேசி, மறுபடி பேரம். 2005 ஜூன் மாதம் அந்தப் பட்டியலில் மலாக்கா நீரிணையே ஏறியது. கடற்கொள்ளையும் பயங்கரவாத அச்சமும்தான் காரணமாகச் சொல்லப்பட்டன. போர் எதுவும் இல்லை. அலுவலகச் சன்னல் வழியாகத் தெரிகிற, சிறு வயதில் நண்டு பிடித்த நீர்தான் திடீரென்று ‘போர் அபாயப் பகுதி’. வாடிக்கையாளர்கள் கத்தினார்கள். என் மேலதிகாரி சிகரெட்டைப் பற்றவைக்க மறந்து வாயிலேயே வைத்துக்கொண்டு லண்டனோடு பேசிக்கொண்டிருந்த அந்த மாலை இன்னும் கண்ணில் நிற்கிறது. சிங்கப்பூர், மலேசியா, இந்தோனேசியக் கடற்படைகள் ஏற்கெனவே கூட்டு ரோந்து தொடங்கியிருந்தன, வானிலிருந்தும் கண்காணித்தன. தாக்குதல்கள் குறைந்தன. 2006 ஆகஸ்டில் பட்டியலிலிருந்து பெயர் நீங்கியது. பதினான்கு மாதம். அந்தப் பதினான்கு மாதமும் கப்பல்கள் வந்துகொண்டேதான் இருந்தன.

காசாகக் கணக்குப் போட்டால் இது தெளிவாகும். 100 மில்லியன் அமெரிக்க டாலர் மதிப்புள்ள பெரிய கப்பலுக்குப் போர் அபாயப் பிரீமியம் ஒரு விழுக்காடு என்று வையுங்கள். செங்கடலில் 2024 தொடக்கத்தில் விகிதம் அதை ஒட்டிப் போனது. ஒரு பயணத்துக்கு 1 மில்லியன் டாலர். கேட்டால் தலை சுற்றும். அதை 2 மில்லியன் பீப்பாய்க்குப் பங்கிட்டால் பீப்பாய்க்கு அரை டாலர். வாங்குபவன் முகம் சுளிப்பான், ஆனால் கொடுத்துவிடுவான். அதனால்தான் சொல்கிறேன், கப்பல் போக்குவரத்தில் ஆபத்துக்கு விலை போடலாம். எல்லை தாண்டும் குழாயின் ஆபத்துக்கு விலையே கிடையாது. திறந்திருக்கிறது, அல்லது மூடியிருக்கிறது.

ஆனால் அரை டாலர் கணக்கில் ஆள் வரவில்லை. 2024 ஜனவரி 26 அன்று ஏடன் வளைகுடாவில் மார்லின் லுவாண்டா என்ற எண்ணெய்க் கப்பலை ஏவுகணை தாக்கித் தீப்பிடித்தது. அதில் 22 இந்தியர்களும் ஒரு வங்காளதேசத்தவரும் இருந்தார்கள். இந்தியக் கடற்படையின் விசாகப்பட்டினம் கப்பல் வந்து தீயணைக்க உதவியது. அவர்கள் பிழைத்தார்கள். அதே ஆண்டு மார்ச்சில் வேறொரு சரக்குக் கப்பலில் மூவர் பிழைக்கவில்லை. 2019இல் ஈரான் பிடித்துவைத்த ஸ்டெனா இம்பெரோவின் 23 பேரில் 18 பேர் இந்தியர்கள். தூத்துக்குடியிலும் கடலூரிலும் இப்படிப்பட்ட கப்பலில் மகனை அனுப்பிவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் வீடுகள் உண்டு. மருமகனின் வாதத்தில் என்னால் மறுக்க முடியாத பகுதி இதுதான். குழாய்க்கு அம்மா இல்லை.

கடலுக்கும் இதே கதி. 2024 ஆகஸ்டில் சூனியன் என்ற கப்பலைத் தாக்கி, மாலுமிகள் வெளியேறிய பிறகு ஹூதிகள் அதில் வெடிவைத்துத் தீ மூட்டினார்கள். உள்ளே 150,000 டன் கச்சா எண்ணெய். வாரக்கணக்கில் எரிந்தும் சரக்கு கடலில் கொட்டாமல் இழுத்துவந்தது கெட்டிக்காரத்தனமும் அதிர்ஷ்டமும் சேர்ந்த காரியம். குழாயில் ஓர் உடைப்பு அத்தனை எண்ணெயை ஒரே இடத்தில் கொட்டாது.

கணினித் தாக்குதலையும் ஜிபிஎஸ் குறுக்கீட்டையும் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. இரண்டு தரப்புக்கும் சம அடி. அமெரிக்கக் கிழக்குக் கரையின் எரிபொருளில் பாதிக்குச் சற்றுக் குறைவாகச் சுமக்கும் கொலோனியல் குழாயை 2021 மே மாதம் பணம் பறிக்கும் கும்பல் ஒன்று விசைப்பலகையாலேயே ஐந்து நாள் நிறுத்திவைத்தது. 2025 ஜூனில் இஸ்ரேல்–ஈரான் சண்டையின்போது வளைகுடாப் பகுதியில் ஜிபிஎஸ் குறுக்கீடு பரவலாக இருந்தது. அப்போது ஹோர்முஸுக்கு அருகே இரண்டு எண்ணெய்க் கப்பல்கள் மோதிக்கொண்டன.

எங்கள் இருவர் வாதத்திலும் ஒரு ஓட்டை இருந்தது. வழியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். குழாயானாலும் கப்பலானாலும் இரு முனையிலும் தொட்டிகளும் ஆலையும் வேண்டும். அவை எங்கும் ஓடாது, ஒளியாது. 2019 செப்டம்பர் 14 அன்று அப்கைக், குரைஸ் நிலையங்களைத் தாக்கியதில் சவுதியின் உற்பத்தியில் நாளுக்கு 5.7 மில்லியன் பீப்பாய் ஒரே காலையில் நின்றது. யான்புவுக்குப் போகும் குழாய் தொடங்குவதும் அதே அப்கைக்கில்தான்.

அப்படி ஓர் ஆலை வேலிக்குள் வேலை பார்க்கும் மருமகனிடம் லாஜு சம்பவம் தெரியுமா என்று கேட்டேன், தெரியாது என்றான். 1974 ஜனவரி 31 அன்று நான்கு பேர், இரண்டு ஜப்பானியர், இரண்டு பாலஸ்தீனத் தரப்பினர், சிங்கப்பூரின் புலாவ் புக்கோம் தீவில் இருந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்குள் வெடிகுண்டுகளோடு நுழைந்தார்கள். தென்வியட்னாமுக்கு எண்ணெய் போவதைத் தடுப்பது நோக்கம் என்றார்கள். எங்கோ நடந்த போருக்கு நம் தீவு போர்முனை. தொட்டிகளுக்குப் பெரிய சேதமில்லை. தப்பிக்க லாஜு என்ற படகைக் கடத்தி, மாலுமிகளைப் பிணை வைத்தார்கள். ஒரு வாரத்துக்கு மேல் இழுத்தது. கடைசியில் பிணைகளுக்குப் பதிலாகத் தாங்களே அந்த நால்வரோடு விமானமேறி குவைத் வரை போன அதிகாரிகளின் குழுவை வழிநடத்தியவர், பின்னாளில் நம் அதிபரான எஸ். ஆர். நாதன். (கடற்பாலம் தகர்ந்ததும் ஜனவரி 31, அந்தத் தேதிக்கு நம்மேல் என்ன கோபமோ.)

சரி, முடிவெடுக்க வேண்டியவர் நிலைக்கு வருவோம். சிங்கப்பூரில் ஒரு சுத்திகரிப்பு ஆலைக்காகக் கச்சா எண்ணெய் வாங்குபவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வளைகுடாப் பக்கம் புகைச்சல் தெரிகிறது. எங்கே ஏற்றுவது?

வளைகுடாவுக்குள்ளே சவுதியின் ராஸ் தனூரா துறைமுகத்தில் ஏற்றலாம். மலிவு, அளவும் தாராளம். ஆனால் கப்பல் திரும்பிப் போகலாம் என்று மேலே நான் அடித்த பெருமை இங்கே செல்லாது. செங்கடலுக்கு ஆப்பிரிக்கா மாற்று. ஹோர்முஸுக்குக் கடலில் மாற்றே இல்லை. ஒற்றை வாசல் வீட்டில் எத்தனை வண்டி இருந்தும் என்ன? இந்த ஓரிடத்தில் குழாய் கப்பலை வென்றுவிடுகிறது, அதுவும் தெளிவாக.

செங்கடலில் யான்புவில் ஏற்றலாம். ஐரோப்பியருக்கு அது நல்ல கதவு. நமக்கு அது வீட்டின் பின்பக்கம். குழாய் ஹோர்முஸைத் தவிர்த்துவிட்டு, ஆசியாவுக்கு வரும் கப்பலைச் செங்கடலின் தெற்கு வாசலான பாப் அல் மண்டப் நீரிணையில், ஹூதிகளின் கைக்கெட்டும் தூரத்தில் கொண்டுபோய் விடுகிறது. அதையும் தவிர்க்க வேண்டுமானால் வடக்கே எகிப்து வழியாக மத்தியதரைக் கடலுக்கு ஏறி, ஜிப்ரால்டர் தாண்டி, முழு ஆப்பிரிக்காவையும் சுற்ற வேண்டும். ஒரே போரில் இரண்டு நீரிணையும் சூடாகும் நாளில் யான்பு எண்ணெய் நமக்கு இருக்கிறது என்று காகிதத்தில்தான் இருக்கும்.

ஃபுஜைரா மூன்றாவது. ஒரே நாட்டுக்குள் ஓடும் குட்டைக் குழாய்; முடியும் இடம் நீரிணைக்கு வெளியே; அங்கிருந்து நேரே இந்தியப் பெருங்கடல். 2019இல் அங்கேயும் வெடித்தது உண்மை, அளவும் சிறிது உண்மை. இருந்தாலும் கையெழுத்து என்னுடையதானால் முதல் கப்பலை அங்கே அனுப்புவேன். அடுத்தது வளைகுடாவைத் தொடாத மேற்கு ஆப்பிரிக்க எண்ணெய், நாள் கூடினாலும் பரவாயில்லை. யான்பு கடைசி. குழாயா கப்பலா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது ஆசிய வாங்குபவருக்குப் பொருந்தாத கேள்வி. குட்டைக் குழாய் ஆபத்தான வாசலைக் கடத்திவிடட்டும், மிச்சத்தைக் கப்பல் பார்த்துக்கொள்ளட்டும்.

நம் மலாக்கா நீரிணையைத் தவிர்க்க நினைத்தவர்கள் கதையும் இதையே சொல்கிறது. மியன்மாரின் சாவ்பியூவிலிருந்து சீனாவின் யுன்னான் மாநிலத்துக்கு மியன்மார் மண்ணில் 771 கிலோமீட்டர் ஓடும் குழாயில் 2017இல் எண்ணெய் ஓடத் தொடங்கியது. ஆண்டுக்கு 22 மில்லியன் டன் கொள்ளளவு என்றால் நாலைந்து நாளுக்கு ஒரு பெரிய கப்பல் அளவு. அதற்காக ஓர் உள்நாட்டுப் போரின் நடுவே குழாயைக் காக்க வேண்டியிருக்கிறது. மலேசியாவில் கெடாவிலிருந்து கிளந்தான் வரை தீபகற்பத்தைக் குறுக்கே வெட்டிச் சுமார் 300 கிலோமீட்டருக்குக் குழாய் போடும் திட்டம் 2007இல் பெரிதாகப் பேசப்பட்டது. மேற்குக் கரையில் இறக்கி, கிழக்குக் கரையில் மறுபடி ஏற்ற இரண்டு கப்பல், இரண்டு துறைமுகம். மிச்சமாவதோ சில நாள். குழாய் வரவே இல்லை.

சிங்கப்பூர் தானே வாடிக்கையாளராக இருக்கும் குழாய் ஒன்று உண்டு, மருமகன் அதைத்தான் கடைசியில் பிடித்துக்கொண்டான். நம் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவில் வருகிறது. அதில் பெரும்பங்கு மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் குழாயில்தான் வந்தது. “எல்லை தாண்டும் குழாய் வேண்டாம் என்கிறீர்கள், வீட்டில் மின்விசிறி சுற்றுவது எதில் மாமா?” நியாயமான கேள்வி. அண்டை நாட்டினர் அந்தக் குழாய்களை அரசியலுக்காக மூடியதில்லை. ஆனால் 2004 ஜூன் 29 இரவு இந்தோனேசியாவின் மேற்கு நத்துனா எரிவாயு வரத்து தடைப்பட்டுத் தீவின் ஒரு பகுதி இருண்டது. நான் எங்கள் புளோக்கில் பதினொன்றாம் மாடிக்குப் படியேறினேன்; ஆறாம் மாடியில் உட்கார்ந்திருந்த ஒரு மலாய்ப் பாட்டி தன் கைவிளக்கை என் பக்கம் திருப்பி வழிகாட்டினார். சண்டையும் இல்லை, சதியும் இல்லை, வெறும் இயந்திரக் கோளாறு. 2021 இறுதியில் மறுபடி குழாய் எரிவாயு குறைந்தபோது மின்சாரச் சில்லறை விற்பனையாளர்கள் சிலர் கடையைக் கட்டினார்கள்.

அரசாங்கம் குழாயைப் பிடுங்கி எறியவில்லை. பக்கத்தில் ஒரு கப்பல் வாசலைத் திறந்தது. 2013இல் ஜூரோங் தீவில் திரவ இயற்கை எரிவாயு முனையம் இயங்கத் தொடங்கியது. எந்தக் கண்டத்திலிருந்தும் வாங்கலாம். இரண்டாவது முனையமும் வருகிறது. எண்ணெய்க்கு, 2014இல் அதே தீவுக்கடியில் 130 மீட்டர் ஆழத்தில் பாறைக் குகைகள் திறக்கப்பட்டன, 1.47 மில்லியன் கன மீட்டர், அதாவது நாலரைப் பெரிய கப்பல் கொள்ளும் எண்ணெய்.

“குகைக்கு மேலேதான் மாமா நாங்கள் சாப்பிடுகிறோம்” என்றான். அன்று அவனுக்கு இரவு வேலை. மிச்சமிருந்த இரண்டு குச்சிச் சாத்தேயைக் காகிதத்தில் சுற்றி வாங்கிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.